பழைய கணினியும் தொலைபேசி வழி இணையமும்

பிறந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களுக்குக் கடிதம் என்பது எக்காலத்திலும் ஒரு பெரும் ஆறுதலாக இருந்து வந்திருக்கின்றது. தபால்காரர் கொணர்ந்த இன்லண்டு லெட்டருக்காக வாசலில் காத்திருந்தது ஒரு காலம். டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் அமர்ந்திருந்தது ஒரு காலம். எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, மீட்டரில் ஓடும் சிவப்பு எண்களைப் பார்த்தபடியே தாயாரின் உடல் நலத்தை விசாரித்தது பின்னொரு காலம். இவற்றை அடுத்து வந்தது, வீட்டுத் தொலைபேசிக் கம்பியின் வழியாகவே கணினியை இணையத்தோடு இணைத்துக் கடிதம் எழுதிய காலம்.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனத்தார் 1995ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் தொடங்கி வைத்தனர். 1998ஆம் ஆண்டின் இறுதியில் தனியார் நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. 2004ஆம் ஆண்டில் அகலப்பட்டைக் கொள்கை வெளியாகி, வினாடிக்கு 256 கிலோபிட் வேகத்துக்குக் குறையாத இணைப்பே அகலப்பட்டை எனப்படும் என்று வகுக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறக்குறையப் பத்தாண்டுகள் டயல் செய்து இணையம் புகுந்த ஆண்டுகள். டில்லி கரோல் பாக்கிலும் மும்பை மாதுங்காவிலும் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல, மின்னஞ்சல் என்பதை முதன்முதலில் அறிந்தது அவ்வாண்டுகளில்தான்.

அக்காலத்துக் கணினி இன்றும் பல வீடுகளில் பரண் மீதோ கட்டிலுக்கு அடியிலோ உறங்குகின்றது. அதனைத் தட்டி எழுப்பிப் பார்ப்போர், 'இணைப்புக் கிடைக்கவில்லை. ஆகவே இது பயனற்றது' என்று முடிவு கட்டிப் பழைய சாமான் வாங்குவோரிடம் கொடுத்து விடுகின்றனர். அம்முடிவுக்கு வருமுன் அறிந்துகொள்ள வேண்டியவை சில உள. இணைப்பு எந்த இடத்தில் நின்றது என்பதை எவ்வாறு கண்டறிவது? அந்த இடம் இன்று சீர் செய்யத் தக்கதா? இணைப்பே திரும்பக் கிடைக்காவிட்டாலும் அந்தக் கணினிக்குள் நாம் இழக்கக் கூடாத பொருள் ஏதேனும் உண்டா? இம்மூன்று வினாக்களையே இன்று எடுத்துக்கொள்கின்றேன்.

முதலில் மோடம் என்னும் கருவியின் வேலையைத் தெரிந்துகொள்வோம். கணினி அறிந்த மொழி பூச்சியமும் ஒன்றுமாகிய எண்மொழி. தொலைபேசிக் கம்பியோ மனிதக் குரலுக்கென்று அமைக்கப்பட்டது. வினாடிக்கு ஏறத்தாழ 300 முதல் 3,400 அதிர்வுகள் வரையிலான ஒலிகளை மட்டுமே அது ஏற்றுக்கொள்ளும். கணினியின் எண்களை இந்த எல்லைக்கு உட்பட்ட ஒலிகளாக மாற்றி அனுப்புவதும், எதிர்ப்புறமிருந்து வரும் ஒலிகளை மீண்டும் எண்களாக மாற்றித் தருவதும் மோடத்தின் கடமை. மோடம் ஒரு மொழிபெயர்ப்பாளர் என்று கூறினால், மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட என் போன்றோர் அதனை மறுக்க மாட்டோம். மூலமும் பெயர்ப்பும் ஒரே வேகத்தில் செல்ல வேண்டும். இடையில் இரைச்சல் புகுந்தால் பொருள் கெடும். இரு தரப்பாரும் ஒப்புக்கொண்ட மொழியிலேயே பேச்சு நடைபெற வேண்டும். மோடத்துக்கு ஏற்படும் தொல்லைகள் பெரும்பாலும் இம்மூன்றில் ஒன்றே.

அதன் வேகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. தொலைபேசி நிலையம் நம் குரலை வினாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளாகக் குறித்துக்கொள்கின்றது. ஆக மொத்தம் வினாடிக்கு 64,000 பிட்டுகள். இரு முனைகளிலும் சாதாரணத் தொலைபேசிக் கம்பி இருக்குமாயின் மோடத்தின் உச்ச வேகம் 33,600 பிட்டுகள். இணைய நிறுவனத்தின் முனை நேரடியாக எண்முறையில் நிலையத்தோடு இணைந்திருந்தால், 1998இல் வகுக்கப்பட்ட வி.90 என்னும் முறைப்படி நம்மை நோக்கி வரும் திசையில் மட்டும் 56,000 வரை செல்லலாம். நடைமுறையில் 45,000 கிடைத்தாலே நல்ல கம்பி என்று மகிழ்ந்தோம். ஒரு மெகாபைட் அளவுள்ள புகைப்படம் 33,600 வேகத்தில் வந்து சேர நான்கு நிமிடங்களுக்கு மேல் ஆகும். இவ்வளவு மெதுவான வழியில் சிறு தடையும் பெருந்தடையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

இனி, கோளாற்றைக் கண்டறியும் முறைக்கு வருவோம். பயணி ஒருவர் குறித்த நேரத்தில் ஊர் வந்து சேரவில்லையெனில், எந்த நிலையம் வரை வந்தார் என்றுதான் முதலில் விசாரிக்கின்றோம். இணைப்பும் ஐந்து நிலையங்களைக் கடந்தே வருகின்றது. கணினியிலிருந்து மோடம் வரை ஒன்று. மோடத்திலிருந்து தொலைபேசி நிலையம் வரை இரண்டு. அங்கிருந்து அக்கரையிலுள்ள மோடம் வரை மூன்று. பெயரும் கடவுச்சொல்லும் சொல்லி உள்ளே நுழைவது நான்கு. நுழைந்த பின் விரும்பிய பக்கத்தின் முகவரியைக் கண்டு பிடிப்பது ஐந்து. இவற்றை முன்பின்னாக மாற்றாமல் வரிசையாகச் சோதித்து வர வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றியதைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். நான்கு அமைப்புகளை ஒருங்கே மாற்றியவருக்கு, இணைப்புக் கிடைத்தாலும் எதனால் கிடைத்தது என்பது தெரியாது. கிடைக்காவிட்டாலோ பழைய நிலைக்குத் திரும்பும் வழியும் தெரியாது.

விண்டோஸ் 95, விண்டோஸ் 98 ஆகியவற்றில், இணைப்புத் தவறும்போது திரையில் மூன்று இலக்க எண் ஒன்று தோன்றும். பலர் அதனைப் படிக்காமலே மூடி விடுவார்கள். பயணம் எந்த நிலையத்தில் நின்றது என்பதை நமக்கு அறிவிக்கும் தந்தியே அந்த எண்.

எண் 630 தோன்றினால் முதல் நிலையத்திலேயே வண்டி நின்றுவிட்டது என்று பொருள். கணினி கூப்பிட்டும் மோடம் பதில் கூறவில்லை. வெளியில் வைக்கும் மோடமாயின் அதன் மின்சாரமும் கணினியோடு சேர்க்கும் கேபிளும் சரியாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். மோடத்தை ஒருமுறை அணைத்துச் சற்றுப் பொறுத்து ஏற்றுவதே பல சமயம் போதுமானது. ஹைப்பர் டெர்மினல் என்னும் பயன்பாட்டைத் திறந்து ஏ, டி என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தட்டினால், நலமாக உள்ள மோடம் 'ஓ.கே.' என்று விடையளிக்கும். விடை வந்தால் முதல் நிலையத்தில் குறையில்லை.

விடை வராவிட்டால் இன்னொரு காரணத்தையும் ஆராய வேண்டும். அக்காலக் கணினிகளில் காம் 1 முதல் காம் 4 வரை நான்கு தொடர்வாயில்கள் உண்டு. அவற்றுள் ஒன்றும் மூன்றும் ஒரே அழைப்பு மணியைப் பகிர்ந்துகொள்ளும். இரண்டும் நான்கும் அவ்வாறே. காம் 1இல் சுட்டெலியும் காம் 3இல் மோடமும் இருக்குமாயின், டயல் செய்யத் தொடங்கியவுடன் சுட்டெலி அசைவற்றுப் போகும். அல்லது சுட்டெலியை அசைத்தவுடன் இணைப்பு அறும். ஒன்றை வேறு வாயிலுக்கு மாற்றி விட்டால் இந்தச் சச்சரவு தீரும். விலை மலிவாக விற்கப்பட்ட உட்பொருத்தும் மோடங்கள் பல, தம் வேலையின் பெரும் பகுதியைக் கணினியின் தலையில் சுமத்தியவை. அவற்றுக்கு உரிய டிரைவர் மென்பொருள் இல்லையேல் அவை வெறும் அட்டைகளே. ஆதலால் அந்த மென்பொருள் அடங்கிய குறுந்தகட்டைக் கணினியோடு சேர்த்தே பாதுகாத்து வந்தவர்கள் முன்யோசனை உடையவர்கள்.

எண் 680 தோன்றினால் டயல் ஒலி கிடைக்கவில்லை என்று பொருள். இங்கே முதல் சோதனைக் கருவி நம் காதுதான். மோடத்துக்குச் செல்லும் கம்பியை உருவி, சாதாரணத் தொலைபேசி ஒன்றில் செருகிக் கேட்க வேண்டும். ஒலியே இல்லையெனில் குறை கணினியில் இல்லை, கம்பியில் உள்ளது. ஒலி உண்டு எனில் மோடத்தின் முதுகைப் பார்க்க வேண்டும். அங்கே இரண்டு துளைகள் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று சுவரிலிருந்து வரும் கம்பிக்கு, மற்றது தொலைபேசிக் கருவிக்கு. அவை இடம் மாறிப் போவது மிகச் சாதாரணமான நிகழ்ச்சி. அடுத்த அறையில் உள்ள இணைத் தொலைபேசி சரியாக வைக்கப்படாமல் இருப்பதும் அவ்வாறே.

இவையெல்லாம் சரியாக இருந்தும் 680 தோன்றுமாயின், மோடம் அந்நிய நாட்டு டயல் ஒலிக்குப் பழக்கப்பட்டது என்று ஊகிக்கலாம். அமெரிக்காவின் டயல் ஒலி வேறு. நம் நாட்டின் டயல் ஒலி வேறு. அங்கே பயின்று வந்த மோடம் இங்குள்ள ஒலியை டயல் ஒலி என்று ஏற்க மறுக்கும். நாட்டின் பெயரை இந்தியா என்று அமைப்பதும், டயல் ஒலிக்காகக் காத்திரு என்று பொருள்படும் கட்டத்திலுள்ள குறியை நீக்குவதும் இதற்குப் பரிகாரம். அலுவலகங்களிலும் விடுதிகளிலும் பூச்சியம் அழுத்தி வெளித்தொடர்பு பெறும் ஏற்பாடு இருந்தால், பூச்சியத்தை அடுத்து ஒரு காற்புள்ளி இட வேண்டும். அந்தப் புள்ளிக்கு மோடம் இரண்டு வினாடி பொறுத்து, அதன் பின்னரே மற்ற எண்களைச் சுழற்றும். மோடம் எண்களை ஒலித்த பிறகும் டயல் ஒலி நிற்காமல் தொடருமாயின், அந்த ஊர்த் தொலைபேசி நிலையம் பழைய முறையைச் சார்ந்தது. இசையொலியை அது அறியாது. டோன் என்பதைப் பல்ஸ் என்று மாற்றினால் வழி பிறக்கும். 1990களில் நம் நாட்டின் சிற்றூர்களில் மட்டுமன்றி நகரங்கள் சிலவற்றிலும் இந்தத் தேவை இருந்தது.

எண் 676 என்றால் அக்கரை மோடங்கள் யாவும் வேறு வாடிக்கையாளர்களோடு பேசிக்கொண்டிருக்கின்றன. எண் 678 என்றால் மணி அடித்தும் விடை இல்லை. முன்னதற்குப் பொறுமையே மருந்து. இரவு பத்து மணிக்கு மேலும் விடியற்காலையிலும் இணைப்பு எளிதாகக் கிடைத்ததைப் பலர் நினைவு கூர்வர். பின்னதற்கு அந்த எண்ணைத் தொலைபேசியிலேயே சுழற்றிக் கேட்பது நலம். கீச்சென்ற ஒலி கேட்டால் எண் சரி. 'இந்த எண் உபயோகத்தில் இல்லை' என்று பதிவு செய்த குரல் கேட்டால், நாம் எத்தனை முறை கணினியைத் திறந்து மூடினாலும் பயனில்லை.

மோடத்தின் ஒலிபெருக்கியை நிறுத்தி வைக்காமல் அதன் பாடலைக் கேட்டுப் பழகியவர்கள் கோளாற்றை எளிதில் அறிந்தனர். முதலில் டயல் ஒலி, பிறகு எண்களின் இசை, அக்கரையில் மணி, அதனை அடுத்து வினாடிக்கு 2,100 அதிர்வுகள் கொண்ட நீண்ட ஒற்றை ஒலி, முடிவில் அருவி விழுவது போன்ற இரைச்சல், பின்னர் அமைதி. அந்த ஒற்றை ஒலி அக்கரை மோடத்தின் வணக்கம். அருவி இரைச்சல், இரு மோடங்களும் கம்பியின் தரத்தை அளந்து, எந்த மொழியில் எந்த வேகத்தில் பேசுவது என்று உடன்பாடு செய்துகொள்ளும் பேச்சு. இதனைக் கைகுலுக்கல் என்பது தொழில்நுட்ப வழக்கு. அருவி ஒலி மீண்டும் மீண்டும் எழுந்து அடங்கி முடிவில் அறுந்து போகுமாயின், உடன்பாடு ஏற்படவில்லை. கம்பியில் இரைச்சல் மிகுதி.

அந்த இரைச்சலைச் சோதிக்கவும் எளிய வழி ஒன்று உண்டு. தொலைபேசியை எடுத்து ஏதேனும் ஓர் எண்ணை மட்டும் அழுத்த வேண்டும். டயல் ஒலி நின்றுவிடும். அந்த அமைதியில் கரகரப்பு கேட்கின்றதா என்று கவனிக்க வேண்டும். கேட்குமாயின் கூட்டாளிகள் பலர். மழைநீர் புகுந்த இணைப்புப் பெட்டி, பச்சை படிந்த செம்பு முனை, மேஜைக்கடியில் முறுக்கிக் கிடக்கும் நீளமான நீட்டிப்புக் கம்பி, ஒரே கம்பியில் தொங்கும் இணைத் தொலைபேசிகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கலாம். மும்பையில் ஜூன் மாதத்து முதல் மழைக்கும் இணைப்பின் தளர்ச்சிக்கும் உள்ள உறவு இதனால் விளங்கும். கம்பியைத் திருத்த இயலாவிட்டால் மோடத்தின் உச்ச வேகத்தைக் குறைத்து அமைப்பது அறிவுடைமை. 50,000 வேகத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்து போகும் இணைப்பைவிட, 28,800 வேகத்தில் ஒரு மணி நேரம் நிலைத்து நிற்கும் இணைப்பே பயனுடையது. இடி மின்னல் காலத்தில் மின்கம்பியோடு தொலைபேசிக் கம்பியையும் கழற்றி வைக்க வேண்டும். மின்கம்பியை மட்டும் கழற்றியவர்களின் மோடங்கள் தொலைபேசிக் கம்பி வழியே வந்த மின்பாய்ச்சலில் கருகிப் போனதுண்டு.

நான்காவது நிலையத்தின் எண் 691. பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படவில்லை என்பது அதன் பொருள். பெரிய எழுத்து விசை தவறி அழுந்தியிருப்பதும், வாங்கிய மணிகள் செலவாகிக் கணக்கு முடிந்திருப்பதும் வழக்கமான காரணங்கள். எண் 720 அல்லது 650 தோன்றினால், உள்ளே நுழைந்தும் பேச்சு மொழி ஒத்துவரவில்லை என்று அறியலாம். இணைப்பின் பண்புகளில் டி.சி.பி., ஐ.பி. என்னும் நெறிமுறைக்கு மட்டும் குறியிட்டு மற்றவற்றை நீக்குவது இதற்கு வழி. தொடக்க காலத்தில் ஷெல் என்று ஒரு வகைக் கணக்கும் வழங்கப்பட்டது. அதில் படங்கள் வாரா. எழுத்துகள் மட்டுமே வரும். பைன் என்னும் பயன்பாட்டில் கடிதமும் லிங்க்ஸ் என்னும் பயன்பாட்டில் பக்கங்களும் படித்தோம். அத்தகைய கணக்கை வைத்துக்கொண்டு படப் பக்கங்களுக்குரிய முறையில் நுழைய முயன்றவர்களுக்கு இணைப்பு ஏற்படாதது இயல்பே.

ஐந்தாவது நிலையத்தில் எண் எதுவும் தோன்றாது. இணைப்பு ஏற்பட்டது என்று கணினி கூறும். பக்கம் மட்டும் திறவாது. பிங் என்னும் கட்டளையால் ஒரு தளத்தின் எண் முகவரியை அழைத்தால் விடை வருகின்றது, பெயரால் அழைத்தால் விடை வரவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். வழங்கியின் முகவரி தவறாகப் பதிவாகியுள்ளது. முன்பு அலுவலகத்தில் பயன்பட்ட கணினியை வீட்டுக்குக் கொணர்ந்தவர்கள், உலாவியில் ப்ராக்ஸி என்னும் இடையாள் முகவரி எஞ்சியிருக்கின்றதா என்றும் பார்க்க வேண்டும். இணையமின்றி வேலை செய் என்னும் கட்டம் தெரியாமல் குறியிடப்பட்டிருப்பதும் உண்டு.

இதுவரை கூறியவை தொலைபேசி வழி இணையம் உயிரோடு இருந்த காலத்துக்கு முற்றிலும் பொருந்துவன. இன்று பரணிலிருந்து இறக்கிய கணினிக்கு இதே ஐந்து நிலையங்களை வரிசையாகச் சோதித்தால் என்ன விடை கிடைக்கும்?

முதல் நிலையத்தில் பெரும்பாலும் குறை இராது, இருந்தாலும் திருத்தலாம். இரண்டாவது நிலையம் பல வீடுகளில் இன்று இல்லை. செம்புக் கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடி இழை வந்து, தொலைபேசிக் குரலே சிறு பொதிகளாகப் பகுக்கப்பட்டுச் செல்கின்றது. ஒரு பொதி தவறினாலும் மனிதக் காது பொருட்படுத்தாது. மோடமோ அந்த ஒரு தவற்றில் பேச்சை இழந்துவிடும். ஆகவே இழைப் பெட்டியின் தொலைபேசித் துளையில் மோடத்தைச் செருகி, டயல் ஒலி கேட்டும் இணைப்பு நிலைக்கவில்லை என்று வருந்துவோர் மோடத்தைக் குறை கூற வேண்டியதில்லை. மூன்றாவது நிலையத்தில் விடையளிக்க ஆள் இருப்பதும் அரிது. அமெரிக்காவில் இத்தொழிலின் பெயர் பெற்ற நிறுவனமாகிய ஏ.ஓ.எல். கூடத் தன் டயல் சேவையை 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாளோடு முடித்துக்கொண்டது.

எப்படியோ இணையத்தை எட்டிவிட்டாலும் ஐந்தாவது நிலையத்தில் ஒரு பூட்டு உண்டு. இன்றைய தளங்கள் மறைகுறியிட்ட பேச்சையே ஏற்கின்றன. அதன் பழைய வடிவங்களை முக்கிய உலாவிகள் 2020ஆம் ஆண்டில் கைவிடத் தொடங்கின. விண்டோஸ் 98 காலத்து உலாவிக்கோ அந்தப் பழைய வடிவங்களே தெரியும். மேலும், பழைய கணினியின் தாய்ப்பலகையில் உள்ள காசு போன்ற மின்கலம் தீர்ந்துவிட்டால், அதன் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே போய்விடும். தளத்தின் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று அது வாதிடும். மின்கலத்தை மாற்றித் தேதியைத் திருத்துவது எளிது. மொழியைப் புதுப்பிப்பது எளிதன்று. விண்டோஸ் 98க்கு உரிய பாதுகாப்புத் திருத்தங்களும் 2006ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாளோடு நின்றுவிட்டன. எனவே அந்தக் கணினியை இன்றைய இணையத்தோடு நேரே இணைப்பது, இயன்றாலும் தவிர்க்க வேண்டியதாகும்.

அவ்வாறாயின் பழைய சாமான்காரரிடமே கொடுத்துவிடலாமே என்று நேயர்கள் கேட்கலாம். இங்கேதான் சற்று நிதானிக்க வேண்டும். அக்காலத்து மின்னஞ்சல், இக்காலத்தைப் போல இணைய நிறுவனத்தின் கிடங்கில் என்றென்றும் தங்கியதன்று. இணைப்புக்கு நிமிடக் கணக்கில் பணம் செலவானதால், இணைந்தவுடன் கடிதங்களை வீட்டுக் கணினிக்கு இறக்கிக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிட்டு, பிறகு ஓய்வாகப் படித்தோம். கடிதம் இறங்கியவுடன் நிறுவனத்தின் பெட்டியிலிருந்து அது அழிக்கப்படுவதே அந்த முறையின் வழக்கம். ஆதலால் அக்கடிதங்களுக்கு உலகில் உள்ள ஒரே படி, பரண் மீதுள்ள அந்த வட்டில்தான் இருக்கின்றது. 1999இல் அண்ணன் எழுதிய குடும்பச் செய்தியும், தட்டச்சு அறியாத தகப்பனார் பக்கத்து வீட்டுப் பையனைக் கொண்டு எழுதுவித்த நான்கு வரியும் அதில் இருக்கலாம். எழுதியவர்களுள் சிலர் இன்று நம்மோடு இல்லாமலும் இருக்கலாம்.

அவற்றை மீட்க இணையம் தேவையில்லை. கணினி இன்னும் எழும்புமாயின், முதலில் அஞ்சல் கோப்புகள் எங்கே உள்ளன என்று காண வேண்டும். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் டி.பி.எக்ஸ். என்று முடியும் கோப்புகளில் கடிதங்களைச் சேர்த்து வைத்தது; யூடோரா எம்.பி.எக்ஸ். என்று முடியும் கோப்புகளில் வைத்தது. அவுட்லுக் எக்ஸ்பிரசைத் திறக்க முடிந்தால், கடிதங்களைத் தேர்ந்தெடுத்து ஒரு கோப்புறைக்குள் இழுத்துப் போட்டாலே போதும், ஒவ்வொன்றும் இ.எம்.எல். என்று முடியும் தனிக் கோப்பாகும். இன்றைய அஞ்சல் பயன்பாடுகள் பலவும் அதனைப் படிக்கும். விண்டோஸ் 98இல் இக்காலத்து யு.எஸ்.பி. பேனா வட்டைச் செருகினால், உரிய டிரைவர் இல்லாமல் அது அடையாளம் காணாது. ஆகவே எளிய வழி, கணினியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, உள்ளிருக்கும் வன்வட்டை எடுத்து, ஐ.டி.இ. முறையை யு.எஸ்.பி. முறைக்கு மாற்றும் கேபிள் ஒன்றின் வழியே புதிய கணினியோடு இணைத்துப் படியெடுப்பதே. மேஜைக் கணினியின் வட்டுக்கு 40 ஊசிகளும் மடிக்கணினியின் வட்டுக்கு 44 ஊசிகளும் உள்ள இணைப்பு வேண்டும். வாங்கும்போது இதனைக் கவனிக்க வேண்டும். கணினி எழும்பாவிட்டாலும் இம்முறை பயன்படும். வட்டு கடகடவென்று ஒலித்தால் மட்டும் மீண்டும் மீண்டும் மின்சாரம் செலுத்தாமல், தரவு மீட்கும் தொழிலறிந்தாரிடம் ஒப்படைப்பது நலம்.

தமிழர்களாகிய நமக்கு இன்னுமோர் எச்சரிக்கை தேவை. யூனிக்கோடு பரவுமுன் தமிழ்க் கடிதங்கள் பல வேறு குறியீட்டு முறைகளில் எழுதப்பட்டன. ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியே கூடி விவாதித்து வகுத்த திஸ்கி ஒன்று; 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை அடுத்துத் தமிழ்நாடு அரசு ஏற்ற டாம், டாப் ஆகியவை வேறு. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அக்கடிதங்கள் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகளாகவும் குறிகளாகவும் தோன்றும். கடிதம் கெட்டுப்போயிற்று என்று எண்ணி அழித்துவிடுதல் கூடாது. அது கெடவில்லை, நாம் அதன் லிபியை மறந்துவிட்டோம், அவ்வளவே. பழைய கணினியின் விண்டோஸ் கோப்புறைக்குள் எழுத்துருக்களுக்கென்று தனிக் கோப்புறை உண்டு. கடிதங்களோடு அதனையும் முழுமையாகப் படியெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பழைய குறியீட்டை யூனிக்கோடாக மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பின்னும் மூலக் கோப்பை அழிக்காமல் இரண்டு இடங்களில் பாதுகாத்தல் வேண்டும்.

நேயர்களே, இணைப்பு அறுந்தது என்பது ஒரு செய்தி மட்டுமே; அது தீர்ப்பு ஆகாது. எந்த நிலையத்தில் அறுந்தது என்று கேட்டவருக்கு அடுத்துச் செய்ய வேண்டியதும் தெரியவரும். திருத்தத் தக்கது எனில் திருத்தலாம். காலத்தோடு போய்விட்டது எனில், அதன் பின்னே அலைந்து நேரத்தை வீணாக்காமல், அது நமக்குக் கொண்டு வந்து சேர்த்த பொருளைக் காப்பாற்றிக்கொள்ளலாம். இவ்வருடம் தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது பரணில் பழைய கணினி தென்படுமாயின், அதனை வாசலுக்கு அனுப்புமுன் அதன் வட்டை மட்டும் எடுத்து வைக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கின்றேன்.